மூன்று நிமிடச் சாட்சி

பிரிசிலாவின் கைபேசி வாத்து போலக் கத்தியபோது, சாட்சி ஒத்திகையில் ஜெனில்டா இன்னும் தன் கணவனைச் சாகவிட்டிருக்கவில்லை. பாலம் மூழ்கிய அந்த மழைநாளுக்குக்கூட வந்து சேரவில்லை.

"மூணு நிமிஷம் ஆச்சு, சிஸ்டர்," என்று பிரிசிலா வாத்தை அணைத்தாள். சபையின் மிஷன் வேலைகளையெல்லாம் பார்ப்பவள் அவள்தான். ஜெனில்டாவைவிட இருபது வயது இளையவள். "மொசாம்பிக்ல மொழிபெயர்க்க வேற ஒருத்தர் நிப்பாரு. மூணு ஆறாயிடும். அவரு ரேடியோ ரிப்பேர் பண்ணது, மாட்டுக்குப் பேரு வச்சதெல்லாம் எதுக்கு? குடிச்சாரு, அடிச்சாரு, செத்தாரு. நீங்க இரட்சிக்கப்பட்டீங்க. முடிஞ்சுது."

"அடிக்கலையே."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல. குடிச்சா பாடுவாரு. பாடி முடிச்சிட்டு அழுவாரு."

"பாட்டு கேட்டு யாரும் பர்ஸத் தொறக்க மாட்டாங்க, சிஸ்டர்," என்று சிரித்துக்கொண்டே காகிதத்தில் ஒரு வரியைச் சேர்த்தாள் பிரிசிலா.

ஐந்து பேருக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று. ஆறாவது இடம் ஜெனில்டாவுடையது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சேரும் பணத்தை நம்பித்தான் அது இருந்தது. பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நீராவியில் நின்றவள், தன் மாநிலமான மினாஸின் எல்லையைத் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தபோது சிரிக்கக் கூடாது என்றார்கள். சிரிக்காத அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கோ போக வேண்டியவளின் முகம். ரத்தக்கறை படிந்த விரிப்புகளை இயந்திரத்தில் திணிக்கும்போது "சலாமா, சலாமா" என்று அந்த ஊர் வணக்கத்தைச் சொல்லிப் பழகினாள். அதனால்தான் பிரிசிலா சேர்த்த அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லாமல் காகிதத்தை மடித்து எடுத்துவந்தாள். வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மகள் தைனாரா அதைக் குளிர்பெட்டியின் மேலிருந்து எடுத்துப் படித்தாள்.

"அப்பா உன்ன எப்பம்மா அடிச்சாரு?"

"ஊழியத்துக்காகச் சொல்றதுடி அது."

"ஓ. பொய்யும் ஊழியத்துக்குப் போகுதா? அதுக்கும் தடுப்பூசி போட்டாச்சா?"

தைனாரா காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். "ஞாயித்துக்கெழம நானும் வரேன். முன்வரிசையில எடம் போடச் சொல்லு."

சாட்சியோடு நடிக்கும் நாடகத்துக்குப் பழைய தொப்பி ஒன்று வேண்டும் என்று பிரிசிலா புதன்கிழமை கேட்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஐந்து வருடமாகத் தொங்கிய கணவன் வால்டிரின் வைக்கோல் தொப்பியை ஜெனில்டா கழற்றிக் கொடுத்தாள். மனுஷன் கடலைப் பார்த்ததே இல்லை. தொப்பியாவது தாண்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று சபை முற்றத்தில் நீள மேசைகள். மஞ்சள் கோழிச்சோறு அண்டாவில் ஆவி விட்டது. ஜெனில்டா உட்படப் பயணம் போகிறவர்கள் எல்லாரும் 'போங்கள்' என்று மார்பில் அச்சடித்த வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். பிரிசிலா கைபேசியைக் காட்டித் தலையசைத்ததும் ஜெனில்டா ஒலிவாங்கிக்கு முன்னால் காகிதத்தை விரித்தாள்.

"என் கணவர் வால்டிர் ஒரு குடிகாரர்."

மேடைக்கு எலியாஸ் தள்ளாடி வந்தான். கறிக்கடை வைத்திருக்கும் டீக்கன். அவன் இடுப்பை வளைத்த வளைப்பில் மேசைகள் சிரித்தன. தலையில் வால்டிரின் தொப்பி. அதன் விளிம்பைக் கிழித்திருந்தார்கள். குடிகாரனுடையதாகத் தெரிய அடுப்புக்கரியைப் பூசியிருந்தார்கள்.

"அவர் என்னை…"

எலியாஸ் கையை ஓங்கினான். அடி விழுமுன்பே மனைவியாக நடித்த பெண் தரையில் உருண்டுவிட்டாள். "அடப் பாவி," என்று யாரோ முனகினார்கள். ஒரு கிழவர் பர்ஸைத் தேடிப் பையில் கைவிட்டார். முன்வரிசையில் தைனாரா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

ஜெனில்டா நாலே எட்டில் போய்த் தொப்பியைப் பறித்தாள்.

"இதக் கிழிச்சது யாரு?"

"காகிதத்துல இப்படி இல்லையே, சிஸ்டர்," என்று எலியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

அவள் ஒலிவாங்கிக்குத் திரும்பினாள். "இவரு என்ன அடிக்கல. குடிச்சாரு, நெசம். நான் காய்ச்சல்ல கெடந்த மாசம் எனக்குப் பதிலா ஆஸ்பத்திரித் துணி தொவச்சது இவருதான். குடிச்சிட்டுத்தான் தொவச்சாரு. ஒரு துணியில ஒரு கறை கெடையாது." தொப்பியை உயர்த்திப் பிடித்தாள். "இவரு சவப்பெட்டிய இந்தக் கதவுக்குள்ள விட்டீங்களா? குடிகாரன்னு சொல்லி இதே முத்தத்துல, வெயில்ல வச்சு ஜெபம் பண்ணீங்க. எலியாஸ், நீதான வாசல்ல நின்ன? இன்னிக்கு மட்டும் எப்படி இவர மேடை வரைக்கும் ஏத்துனீங்க?"

வாத்து கத்தத் தொடங்கியது.

பிரிசிலா கைபேசியைப் பிடித்தபடி நின்றாள். அதை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பையில் கைவிட்ட கிழவர் கையை வெளியே எடுக்கவில்லை. ஜெனில்டா தொப்பியை மார்போடு அழுத்தித் தேய்த்தாள், சலவைக்கூடத்தில் பிடிவாதமான கறையைத் தேய்ப்பதுபோல. கரி தொப்பியைவிட்டுப் போகவில்லை. சட்டையில் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, 'போங்கள்' என்ற எழுத்துகளின்மேல் ஒவ்வொன்றாக.