கட்டாய உதவி

வியாழக்கிழமை மதியம் டிராயிங் வகுப்பு. அதே நேரத்தில் ஸ்காலர்ஷிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் வகுப்பு. இரண்டும் கட்டாயம். வழிகாட்டலுக்கு மட்டம் போட்டால் ஸ்காலர்ஷிப்பை நிறுத்துவார்கள். டிராயிங்குக்குப் போகாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்; ஒரு பாடம் போனாலும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்குத்தான்.

என் அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். இன்ஜினியரிங் முதல் வருஷம். கூம்பைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னால், பக்கத்தில் இருப்பவள் தாளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மாடியில் அதை நடத்தியபோது நான் கீழே வழிகாட்டலில் இருந்தேன்.

ஸ்காலர்ஷிப்பைக் கவனிக்கும் மேடத்திடம் பல தடவை கெஞ்சிவிட்டேன்.

"நேரத்தை மாத்துங்க மேடம்."

"உனக்காகவா? புதுசா வர்ற எல்லாரும் இப்படித்தான்மா சொல்வாங்க. அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கத்துக்கணும். அதுக்குத்தானே இந்த வகுப்பே?"

போன வாரம் டிராயிங் சார் முடிவாகச் சொல்லிவிட்டார். "அடுத்த வியாழனும் வரலேன்னா பரீட்சையை மறந்துடு."

அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"நாலு பேர் முன்னாடி கேளுடா. தனியா கேட்டா தட்டிக் கழிப்பாங்க. எங்க மேஸ்திரியும் இதே ரகம்தான்."

வியாழக்கிழமை வந்தது. ஏசி ஹால். முன்வரிசை சோபாவில் ஸ்காலர்ஷிப்புக்குப் பணம் கொடுக்கும் பெரியவர். திரையில் கொட்டை எழுத்தில் 'நேர மேலாண்மை'. பேச வந்தவர் ஒரு நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். பக்கத்தில் என் அறைத்தோழி. வாய் மூடாததால் அவளுக்கு ரேடியோ என்று பேர்.

"நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தர்றாராம்," என்று கிசுகிசுத்தாள். "இங்க போன நேரத்தை யாருடி திருப்பித் தருவா? இவரா?"

மேடம் மைக்கை என் கையில் திணித்தார். "இந்த வகுப்பு எப்படி உதவுதுன்னு சாருக்கு ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

எழுந்தேன்.

"சார், இப்ப மாடியில எங்களுக்கு டிராயிங் நடக்குது. இங்க உக்காந்தா அது போச்சு. அது போனா பரீட்சை போச்சு. பரீட்சை போனா நீங்க குடுக்குற பணமும் போச்சு. இதுல நான் எந்த நேரத்தை சார் மேலாண்மை பண்றது?"

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் முகம் கறுத்தது. பெரியவர் தலையாட்டினார்.

"பேசிக்கலாம்மா. முதல்ல எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ எடுத்துருவோம்."

போட்டோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் வட்டிக்கு விடுகிறவன்கூட வட்டியை மட்டும்தான் கேட்பான். வேலைக்குப் போகாதே, என் எதிரே உட்கார்ந்து கைதட்டு என்று சொல்லமாட்டான்.

மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் பையை எடுத்தேன். மேடம் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வெளிய போனா வீட்டுக்கு லெட்டர் வரும். பார்த்துக்க."

"அனுப்புங்க மேடம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும்."

மாடிக்கு ஓடினேன். டிராயிங் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "பாதி வகுப்பு முடிஞ்சாச்சு. உனக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது."

பின்னாலேயே மூச்சு வாங்க ரேடியோ வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"உங்களை எல்லாம் யாரு பிடிச்சு வச்சிருந்தா?" என்றார் சார்.

"அதைக் கீழ போய்க் கேளுங்க சார்," என்றாள் ரேடியோ. "ரெண்டு பேரும் எங்களையே கேட்டா, நாங்க யாரைக் கேக்குறது?"

சார் அவளை முறைத்தார். என்னை முறைத்தார். சாக்பீஸை மேஜைமேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

எத்தனை தடவை நான் ஏறி இறங்கிய படி அது. ஒரு தடவை அவரும் இறங்கட்டும்.