ஓட்டத் தெரியாதவள்

இன்சூரன்ஸ் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதை பீரோவில் வைப்பதா புது மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் வைப்பதா என்று அவள் அரை மணி நேரமாக இடம் மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கணவன் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே சிரித்தான்.

“ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கெடையாது, இன்சூரன்ஸ் மட்டும் மொதல்ல வந்தாச்சு. புள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல பீஸ் கட்டுன கதைதான்.”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் கை வைத்தால் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை டெஸ்ட் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள், அதனால்தான் முதலில் அதைப் போட்டாள் என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் உறையை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடமாகத் தேய்ப்பவள் அவள். அங்கே அவள் பெயர் பிரஸ் அக்கா. எந்த விரிப்பு எவ்வளவு சூடு தாங்கும் என்று மேனேஜரே வந்து கேட்டுவிட்டுப் போவார். அந்தப் பிரிவை இப்போது ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும், முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். சொந்த வண்டியும் லைசென்ஸும் உள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் நகல் கொடுக்கலாம், மற்றவர்கள் நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நின்றுகொள்வதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வீட்டில் அவளுக்கு எந்தப் பெயரும் இருந்ததில்லை. வண்டி வாங்கிய பிறகு கணவன் வைத்த ‘பைலட்’டைத் தவிர.

இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். “யாரு ஓட்டி அடிபட்டாலும் பணம் வரும், ஆனா அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கணும்மா. இல்லாம ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா பத்து பைசா பேராது.” அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். கற்றுக்கொள்வதற்காவது ஓட்டித்தானே ஆக வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் பின்புற மைதானத்தில், லைசென்ஸ் வைத்திருந்த கணவன் சொல்லிக் கொடுத்தான். லிப்ட் மெக்கானிக்கான அவன், இயந்திரங்களிடம் காட்டும் பொறுமையில் கால்வாசியை அவளிடம் காட்டியிருந்தால் ஒரே வாரத்தில் கற்றிருப்பாள். மூன்று வாரம் ஆயிற்று. கிளட்ச்சை விட்டால் கத்தினான், விடாவிட்டால் அதற்கும் கத்தினான். ஆனால் நாலாவது வாரம் அவள் கால் ஊன்றாமல் எட்டு போட்டாள். மறுபடியும் போட்டாள். அன்றிலிருந்து அவன் கிண்டலை நிறுத்திவிட்டான். அதைப் பார்த்து அவள் பயந்திருக்க வேண்டும், சந்தோஷப்பட்டுவிட்டாள்.

டெஸ்ட் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் அவன் மைதானத்தின் நடுவில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“எட்டு போடுறதெல்லாம் பெரிய விஷயமில்ல. குறுக்க ஆள் வந்தா நிறுத்தணும். வா.”

“வேணாங்க. கல்லு ஏதாவது வைங்க.”

“கல்லுக்கெல்லாம் உனக்கு பயம் வராது. புருஷன்னாதான் வரும்.”

மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் அழகாக நிறுத்தினாள். நாலாவது முறை அவன் கூச்சலிட்டுக்கொண்டு இரண்டடி முன்னால் குதித்தான். தேய்க்கும் இயந்திரத்தில் காலால் மிதித்தால் பழுக்கக் காய்ந்த மேல்தகடு இறங்கும், காலை எடுத்தால் எழும்பிக்கொள்ளும். ஆபத்து என்றால் காலை எடு என்பதுதான் அங்கே முதல் நாள் பாடம். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ கைகளை அப்படிக் காப்பாற்றியிருக்கிறாள். அவன் குதித்ததும் பிரேக்கில் இருந்த அவளுடைய கால் சட்டென்று மேலே எழும்பிவிட்டது. பழக்கம்தான். வேறொன்றும் இல்லை என்று அவள் பிறகு பல முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஒரு முறைகூட முழுதாக நம்பவில்லை.

வண்டி இடித்ததில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிருந்தது. தரையில் கிடந்தபடி அவன் முதலில் கேட்டது, “யாராவது பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப நான்தான் ஓட்டுனேன். வண்டியோட விழுந்துட்டேன். புரியுதா?”

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று நினைத்து அவள் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் அவ்வளவு பாசம் அவளுக்கு வந்ததில்லை. அது செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது. காலில் கம்பி வைத்து முடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தவன் சொன்னான்:

“நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வீட்டுக்கு வர்றான். உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு.”

“நாளன்னைக்கு எனக்கு டெஸ்டுங்க.”

“தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு மறுநாளே லைசென்ஸ் வாங்கிட்டு வந்து நிப்பியா? கெட்டிக்காரிதான். என் காலுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்து சேர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் வண்டிப் பக்கமே போகாத.”

“வேல போயிடும்.”

“என் கால் போயிடுச்சே?” என்றான். “இல்லன்னா உண்மையச் சொல்லு. லைசென்ஸ் இல்லாம ஓட்டிப் புருஷன இடிச்சேன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு. அங்க எட்டு போட்டுக் காட்டு.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். அந்தக் கனிவுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. “பேசாம வீட்டுல இருந்து என்னப் பாத்துக்க. ஊரான் படுத்த பெட்ஷீட்டத் தேச்சுத் தேச்சு என்னத்தக் கண்ட?” கால் உடைந்த மனிதனின் முகமாக அது இல்லை. நெடுநாள் காணாமல் போயிருந்த பொருள் கைக்கு வந்தவனைப் போல அவன் நிம்மதியாக இருந்தான்.

கம்பெனி அதிகாரி புதன்கிழமை பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். முந்தின நாள் ராத்திரியே டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவனிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

“வண்டி உங்க மனைவி பேர்ல இருக்கே?”

“ஆசப்பட்டா சார். வாங்கிக் குடுத்தேன். தொடக்கூட பயம் அவளுக்கு.”

வண்டி வாங்கிய பணம் முழுக்க அவளுடையது. அவள் தாளை வாங்கி, ‘எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஒரு சுழிகூடப் பிசகவில்லை. அது அவளுக்கே அவமானமாக இருந்தது.

முற்றத்துக்கு வந்த அதிகாரி, வண்டியை எல்லாப் பக்கமும் படம் பிடித்தார். இன்ஜின் ஓடுகிறதா என்று வீடியோ எடுக்க வேண்டும் என்றபடி சாவிக்குக் கை நீட்டினார். ஜன்னல் வழியாகக் கணவன் குரல் கொடுத்தான்.

“அவளையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க சார். கூத்தப் பாருங்க.”

அதிகாரி சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கிப் பிடித்தார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் வண்டியிடம் போய், சாவியைத் தலைகீழாக நுழைக்கப் பார்த்தாள்.

“அப்படி இல்லம்மா, திருப்பிப் போடுங்க.”

திருப்பிப் போட்டு முறுக்கினாள். அடுத்து ஹாரனை அழுத்தினாள். இரண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

“அது ஹாரன்! வலது கைப் பக்கம் பாருங்க, சின்னதா ஒரு பட்டன். பயப்படாம அழுத்துங்க.”

“இதுவா சார்?” என்று கேட்டு, ஒற்றை விரலால் அழுத்தினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் பதறிப் பின்னால் துள்ளினாள், காதைப் பொத்திக்கொண்டாள். கணவனுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. “அணைங்கம்மா, போதும்” என்றார் அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தபடி, எப்படி அணைப்பது என்று யாராவது சொல்லிக் கொடுப்பதற்காக, காதிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.