மதுரைக்குக் கிழக்கே ஒரு நாள்

பாலாம்பிகை இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. ஆனால் மதுரையில் எந்த விடுதியிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம், தஞ்சாவூரிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் திருச்சியைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கனடாவின் மொன்ட்ரியால் நகரில், ஜோன்-தலோன் தெருவில் மகேந்திரராசா நடத்திய பயண முகவர் நிலையத்தில் நாலு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. மற்றவர்கள் போகும் ஊர்களைத் தாளில் கோர்த்துக் கொடுப்பாள்.

1996 நவம்பரில், முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த ஒரு காலையில், நாகசுப்பிரமணியனும் அவர் மனைவி ரமாவும் வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் இருபது வருடமாக வீடு. பிப்ரவரியில் கொச்சியில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கும் உல்லாசக் கப்பலில் பன்னிரண்டு பேருக்கு இடம் எடுத்திருந்தார். அவர்கள் இரண்டு பேரைத் தவிர மற்ற பத்துப் பேரும் அவருடைய பழைய துறைத் தோழர்களும் அவர்கள் மனைவிமாரும்.

"கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நம்ம ஊரைக் காட்டணும்மா. நானே கூட்டிண்டு போனா எல்லாரும் என்னைப் பிச்சுத் தின்னுடுவா. நல்ல கைடு, நல்ல பஸ், எல்லாம் நீயே ஏற்பாடு பண்ணிடு" என்றார்.

தட்டச்சு செய்த பட்டியல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சென்னை, மகாபலிபுரம், தஞ்சாவூர், மதுரை, பெரியாறு ஏரி, கொச்சி. பாலாம்பிகை வரைபடத்தை விரித்து விரலால் வழி பிடித்துக்கொண்டு வந்தாள். மதுரை வந்ததும் விரல் மேற்கே மலைப்பக்கம் திரும்பாமல் கிழக்கே, கடல் பக்கம் நகர்ந்தது.

"சேர், பெரியாறை விட்டிட்டு ராமேஸ்வரம் போட்டால் என்ன? கடலுக்கு மேலாலை பாலம் இருக்கு. கோயில் பிரகாரம் மாதிரி ஒண்டு உலகத்திலை வேறை இல்லை எண்டு சொல்லுவினம்."

"பெரியாறுல யானை பார்க்கலாம்னு சொல்லி வச்சிருக்கேனே."

"யானை கோயிலிலையும் நிக்கும் சேர்."

ரமா சிரித்துவிட்டாள். "எனக்கும் ராமேஸ்வரம் போகணும்னு ரொம்ப நாளா இருக்கு. போடுங்களேன்" என்றாள். நாகசுப்பிரமணியன் தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டியலில் பெரியாறை அடித்தார்.

ராமேஸ்வரம் போகிற பேருந்து மண்டபத்தைத் தாண்டித்தான் போகும். மண்டபத்தில் அகதி முகாம் இருக்கிறது. அந்த முகாமில் அவளுடைய தங்கை தவமலர் இருந்தாள். இதில் ஒன்றையும் பாலாம்பிகை வாய் திறந்து சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு அவள் புறப்பட்டது தொண்ணூறாம் ஆண்டு. அப்போது தவமலருக்குப் பதினாலு வயது. போன ஆவணியில்தான் தவமலர் மன்னாரிலிருந்து படகேறி அக்கரை சேர்ந்தாள். அங்கிருந்து நாலு கடிதம் வந்தது. 'நான் சுகம், நீங்கள் யோசிக்காதேங்கோ' என்றுதான் நாலிலும் எழுதியிருந்தாள். படம் அனுப்பு என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் வராது. தங்கையின் குரல் எப்படியிருக்கும் என்று பாலாம்பிகை சில நாட்களில் பேருந்தில் இருந்தபடி யோசித்துப் பார்ப்பாள். பிடிபடாது. நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், அவளிடம் இருந்ததோ அகதிகளுக்கான பயணப் பத்திரம். இந்திய விசாவுக்கு விண்ணப்பித்து இரண்டு மாதமாகியும் ஒரு பதிலும் இல்லை.

அன்று மாலை மொன்ட்ரியால்-நோரில் இருந்த தங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவன் இரவிச்சந்திரனிடம் நடந்ததைச் சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தச் சனத்துக்குத் தெரியுமோ, நீ ஏன் மாத்தினனி எண்டு?"

"இல்லை."

"கேட்டுச் செய்திருந்தால் அது வேறை கதை. இது சரியில்லை, பாலா. உன்னை நம்பியெல்லோ வந்தவை."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை, இரண்டு பேருந்து மாறி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்குப் போய் நாகசுப்பிரமணியனின் வீட்டு மணியை அடித்தாள்.

ரமா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாகசுப்பிரமணியன் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ நீ சொன்ன பாலம், பிரகாரம் எல்லாம்?"

"அது உண்மைதான் சேர். ஆனால் நான் சொன்னது அதுக்காக இல்லை. என்ரை தங்கச்சியை ஆரும் ஒராள் கண்ணாலை பாத்திட்டு வந்து எனக்குச் சொல்ல வேணும் எண்டு ஆசைப்பட்டிட்டன். உங்களிட்டை நேரை கேட்டிருக்க வேணும். பிழை என்ரைதான்."

"பெரியாறையே திரும்பப் போட்டுடு. பத்துப் பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாலாம்பிகை கோப்பையை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினாள். ரமா வாசல்வரை வந்தாள். கதவைத் திறக்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"தவமலர்."

"யானை பார்க்கிறவா பார்க்கட்டும். எனக்கு மதுரையிலேர்ந்து தனியா ஒரு காரு போட்டுத் தர முடியுமா?"

"அன்ரி, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்…"

"சிரமம்லாம் ஒண்ணுமில்லை. ராமேஸ்வரம் போகணும்னு நான் சொன்னது நிஜம்தானே? அவருக்கு ரெண்டு நாள் முகம் தூக்கிண்டிருக்கும். அப்புறம் அவரே 'டிரைவர் நல்லவனா பார்த்துப் போடச் சொல்லு'ம்பார், பாரு."

அப்படித்தான் நடந்தது. திங்கட்கிழமை நாகசுப்பிரமணியன் தொலைபேசியில் வந்தார். வயதான ஓட்டுநராக இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் மதுரை திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சில்லாமல் வைத்துவிட்டார்.

பாலாம்பிகை எத்தனையோ பேருக்குப் பயணத் திட்டம் எழுதியிருக்கிறாள். அந்த ஒரு நாளுக்கு எழுதியதுபோல் எதற்கும் எழுதியதில்லை. அதிகாலை ஐந்து, மதுரையில் புறப்பாடு. ஒன்பது மணி, மண்டபம், ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க்கடை. பத்து மணி, பாம்பன் பாலம். கோயில் நடை சாத்துமுன் தரிசனம். மறுநாள் அதே காரில் கொச்சி. மாலையில் மற்றவர்களோடு சேரலாம். அதற்கு அடுத்த நாள் கப்பல். தவமலருக்கும் எழுதினாள். அன்று காலை வெளியே போக முகாமில் அனுமதி எடுத்து வை, நீலக் கரைச் சேலையில் ஓர் அம்மா வருவா. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பது பதில் வரும்வரை தெரியாது. பதில் தை மாதக் கடைசியில் வந்தது. ஒரே வரி. 'நான் நிற்பன்.'

அந்த நாள் வந்தபோது மொன்ட்ரியாலில் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டுப் பாகை குளிர். காலையில் மெட்ரோவில் போகும்போது, அங்கே இப்போது மாலையாகிவிட்டது, எல்லாம் நடந்து முடிந்திருக்கும், தனக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டு இரண்டு நிலையம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தாள்.

பங்குனியில் ரமா திரும்பியதும், பாலாம்பிகை முன்போலவே இரண்டு பேருந்து மாறிப் போனாள். நாகசுப்பிரமணியன் தானே கதவைத் திறந்து அவள் கோட்டை வாங்கி மாட்டினார். "யானை வரவேயில்லைம்மா. மூணு மணி நேரம் படகுல உட்கார்ந்து காட்டுப் பன்னி பார்த்தோம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று மாடிக்குப் போய்விட்டார்.

"ஏழு மணிக்கே வந்து நின்னிருக்கா. நான் போனப்போ ஒம்போதரை. காரு நிக்கறதுக்கு முன்னாடியே ஓடி வந்து கதவைத் திறந்துட்டா" என்றாள் ரமா.

"மெலிஞ்சு போனாளோ?"

"மெலிவுதான். ஆனா நோஞ்சான் இல்லை. சின்னப் பசங்களுக்குக் கணக்குச் சொல்லித் தராளாம். டீ சொன்னேன், காசு குடுக்கவே விடலை, அவளே குடுத்தா. ஒரு மணி நேரம் இருந்தேன். உன்னைப் பத்தித்தான் கேட்டுண்டே இருந்தா. அக்கா குண்டா, ஒல்லியா, முடி வெட்டிட்டாளா, பிரெஞ்சு பேசுவாளான்னு."

"குரல் எப்பிடி, அன்ரி?"

ரமா சற்று யோசித்தாள். "கொஞ்சம் கட்டைக் குரல். சிரிச்சா மட்டும் உன்னை மாதிரி."

பாலாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். ரமா அவளை அழ விட்டாள். படம் எடுக்கத் தவமலர் சம்மதிக்கவில்லையாம். 'அக்கா என்னை நேரை வந்து பாக்கட்டும்' என்றாளாம்.

"வளந்திட்டாளோ?"

"நல்ல உயரம்."

"எவ்வளவு உயரம்?"

ரமா எழுந்து கூடத்தின் நடுவே வந்து நின்றாள். மனத்துக்குள் அந்தத் தேநீர்க்கடை வாசலில் திரும்பவும் நின்று பார்ப்பவள்போல ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு கையைத் தட்டையாக நீட்டித் தன் தலைக்கும் மேலே உயர்த்திக் காட்டினாள். "இவ்வளவு இருப்பா."

பாலாம்பிகையும் எழுந்து வந்து அந்தக் கைக்குக் கீழே நின்றாள். உள்ளங்கை தலையில் படவில்லை. நாலு விரல் இடைவெளி இருந்தது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்து நிமிர்ந்து, அந்தக் கைக்குக் கீழே ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரமாவுக்குக் கை வலித்தது. ஆனாலும் அவள் விலகும்வரை ரமா கையை இறக்கவில்லை.