மூக்கம்மாள் சொன்னது ஸ்டிரைக் அல்ல

1957 ஆவணியில் போடிநாயக்கனூருக்கு ஹெலினா என்ற போலந்து டாக்டர் வந்தார். மலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் உடல்நிலையைப் பற்றி அறிக்கை எழுதுவது அவர் வேலை. தமிழ் தெரியாது. இங்கிலீஷும் பாதிதான். தடித்த இங்கிலீஷ்-போலிஷ் அகராதி ஒன்று எந்நேரமும் அவர் கைப்பையில் இருந்தது. தமிழை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்டபோது, பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் நடத்திய பொன்னுமணியை அனுப்பினார்கள்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டம். காய் பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து டாக்டர் முன்னால் நின்றார்கள். மூக்கம்மாளின் இடது மணிக்கட்டு கோணியிருந்தது. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார்.

"பிஞ்சுக் காயைப் பறிச்சுட்டேன்னு கங்காணி பிச்சைமணி கம்பால அடிச்சான் டீச்சரம்மா. எனக்கு மட்டுமில்ல, எல்லாப் பொம்பளைகளுக்கும் அடிதான்."

பொன்னுமணிக்கு 'பீட்' என்ற சொல் வாய்வரை வந்தது. அது வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் சாதாரணச் சொல்லாகப் பட்டது. வெளிநாட்டு டாக்டர் முன்னால் கொஞ்சம் கௌரவமாகப் பேச நினைத்து 'ஸ்டிரைக்' என்றாள். கங்காணியையும் கம்பையும் சொல்லாமலே, இங்கே பெண்களுக்கு ஸ்டிரைக் எப்போதும் நடப்பதுதான் என்று முடித்தாள். டாக்டர் தலையசைத்து, போலிஷில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மூக்கம்மாள் மட்டும் முகம் மாறினாள். "ஸ்டிரைக்கா? நான் அந்தப் பேச்சே எடுக்கலையே டீச்சரம்மா."

"அது இங்கிலீசுல வேற அர்த்தம்க்கா. நீங்க போங்க," என்றாள் பொன்னுமணி.

மதியம் தோட்ட மானேஜரின் பங்களாவில் சாப்பாடு. பொன்னுமணிக்குத் தாழ்வாரத்தில் தனியாக இலை போட்டார்கள். உள்ளே டாக்டர் மானேஜரிடம், இங்கே அடிக்கடி ஸ்டிரைக் நடக்கிறதாமே, கோரிக்கைகள் என்ன என்று கேட்டிருக்கிறார். யார் சொன்னது என்று மானேஜர் கேட்க, தாளைப் பார்த்து மூக்கம்மாளின் பெயரையும் சொல்லியிருக்கிறார்.

நாலாம் நாள் காலையில் மூக்கம்மாள் துணிமூட்டையோடு பொன்னுமணியின் வீட்டு வாசலில் நின்றாள். மலையிலிருந்து நடந்தே இறங்கியிருந்தாள்.

"ஸ்டிரைக்குக்கு ஆள் சேக்குறேன்னு சொல்லி வேலையை விட்டு நிப்பாட்டிட்டாக. தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டையும் பூட்டிட்டாக. அடிச்சான்னுதான நான் சொன்னேன்? நீ என்னத்தச் சொன்ன?"

பொன்னுமணிக்கு 'ஸ்டிரைக்' என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. மூக்கம்மாளை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல், அவளையும் அழைத்துக்கொண்டு டாக்டர் தங்கியிருந்த பயணியர் விடுதிக்கு நடந்தாள். அகராதியைப் பிடுங்காத குறையாக வாங்கி அந்தச் சொல்லைத் தேடினாள். போலிஷில் ஒரு முழுப் பத்தி இருந்தது; ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லும்படி டாக்டரைக் கேட்டாள். அடிப்பது, மோதுவது, மணி ஒலிப்பது, தீக்குச்சி உரசுவது, வேலைநிறுத்தம் என்று போய்க்கொண்டே இருந்தது.

"இத்தனை அர்த்தம் இருக்கிறதே, ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஹெலினாவின் முகம் வெளிறியது. "பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் மொழியிலும் 'ஸ்த்ரைக்' உண்டு. இங்கிலீஷிலிருந்து எடுத்தோம். ஆனால் வேலைநிறுத்தம் என்ற ஓர் அர்த்தத்தை மட்டும்தான் எடுத்தோம். அடிப்பதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது. போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்த்ரைக் செய்தவர்களைச் சுட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது."

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது என்று பொன்னுமணிக்கு உறைத்தது. தோட்டத்துப் பெண்களும் அந்தச் சொல்லை அந்த ஓர் அர்த்தத்தில்தான் வைத்திருந்தார்கள். மூக்கம்மாள் அன்றைக்கே பயந்தாள். அவளை வாயடைத்து அனுப்பியது தான்தான்.

ஜீப்பு பிடித்து மூவரும் மேலே போனார்கள். மானேஜர் ஆபீசில் இருந்தார். தன் தவறு என்று டாக்டர் விளக்கினார். மானேஜர் புன்னகையோடு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எழுதினது எழுதினதுதான். ஸ்டிரைக்குன்னா ஸ்டிரைக்குதான்."

"மெட்ராஸ் காலேஜுல இங்கிலீசு படிச்சவரு நீங்க," என்றாள் பொன்னுமணி. "டாக்டரம்மாவுக்குத் தெரியாம இருக்கலாம். உங்களுக்குத் தெரியாதா? ஒடைஞ்ச கைய வச்சுக்கிட்டு எந்தப் பொம்பள ஸ்டிரைக்குக்கு ஆள் சேப்பா?"

"டீச்சர் வேலைக்கு வந்தமா, அதோட போனமான்னு இருக்கணும்."

அவருக்குத் தெரியும். தெரிந்தே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஹெலினா அங்கேயே, அவர் மேசையிலேயே உட்கார்ந்து, மணிக்கட்டு கம்படியால் முறிந்தது என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் அது மதுரையில் இருந்த தொழிலாளர் அதிகாரிக்குத் தபாலில் போனது.

விசாரணைக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஹெலினா ஊருக்குக் கப்பலேறிவிட்டார். மூக்கம்மாள் ராசிங்காபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். விசாரணையில் டாக்டரின் சான்றைத் தமிழில் எழுதிய தாளை நீட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்படி பொன்னுமணியிடம் குமாஸ்தா சொன்னார். 'கங்காணி கம்பால் தட்டியதில் கையில் வலி ஏற்பட்டது' என்று இருந்தது.

"தட்டுனானா? யாரு சொன்னது?"

"எல்லாம் ஒண்ணுதானம்மா. கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கு. வெரசாப் போடுங்க, அடுத்த சோலி கெடக்கு."

"மரியாதையாச் சொல்லப் போய்த்தான் ஒருத்தி ரெண்டு மாசமா வேலையில்லாம இருக்கா. கதவத்தான் தட்டுவாக. இவ கைய அடிச்சு ஒடிச்சிருக்கான்."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். 'கங்காணி கம்பால் அடித்தார். எலும்பு முறிந்தது' என்று அவளே எழுதினாள். குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி டாக்டரின் சான்றை இன்னொரு தரம் படித்தார். பிறகு எழுதியபடியே இருக்கட்டும் என்றார்.

மூக்கம்மாளுக்கு வேலையும் லயத்து வீடும் திரும்பக் கிடைத்தன. பிச்சைமணி மலையை விட்டுப் போனான். வெளியே வந்ததும் மூக்கம்மாள், "இனிமே யாரு கேட்டாலும் நான் சொன்னத அப்பிடியே சொல்லு தாயி," என்றாள். பொன்னுமணி தலைகுனிந்து, "சொல்றேன்க்கா," என்றாள்.

மானேஜர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். தெரிந்தே ஒருத்தியை வீட்டை விட்டுத் துரத்தினாயே, ஏன் என்று அவரை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. விசாரணைத் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் கார் கண்ணுக்கு மறையும்வரை பொன்னுமணி கையை இறுக்கிக்கொண்டு நடுரோட்டிலேயே நின்றாள்.