இடது பக்கம் திரும்பிய வண்டி

டிரைவர் மறுபடி சாவியைத் திருப்பினார். செல்ப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. விளக்கு எரிந்தது, ஹாரனும் அடித்தது. பெட்ரோல் முள் பாதிக்கு மேல் நின்றது. இருமலோ திணறலோ எதுவும் இல்லாமல், யாரோ வாயைப் பொத்தியதுபோல் வண்டி நின்றுபோயிருந்தது. பின்னால் காலித் தண்ணீர் கேன்கள் ஒன்றோடொன்று முட்டி ஓய்ந்தன.

சாலை லேசாக இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் போய் முடிந்தது. இங்கிருந்தே கண்ணாடிக் கதவு தெரிந்தது. உள்ளே அவர் மனைவியை ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். லீவு கேட்டதற்கு மேனேஜர் தலையை நிமிர்த்தவே இல்லை. கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையில்தான் ஆபரேஷன் நடக்கிறது என்பதால் இவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

"உள்ள கொண்டுபோறதுக்கு முன்னால வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ. பாக்க ஒண்ணும் லட்சணமா இல்ல, இருந்தாலும் வா," என்று காலையில் அவள் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் காலி கேனோடு திரும்பும்போது, ஜங்ஷனில் கம்பெனிக்குப் போகும் வலது பக்கம் போகாமல் இடது பக்கம் திரும்பினார்.

பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பி அறுந்திருக்கவில்லை. பேட்டரி முனைகளை முறுக்கிப் பார்த்தார். பிறகு கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டார்.

"சாவியப் போட்டதும் சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் முனகுதா மாமா?"

காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

"இல்ல மாப்ளே."

"எங்க நிக்கிறீங்க? அக்காவப் பாக்கத் திரும்பிட்டீங்களா?"

"ஆமா."

"டேஷ்போர்டுக்குக் கீழ பாருங்க."

டிரைவர் குனிந்து பார்த்தார். கறுப்புப் பெட்டி ஒன்று. அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் ஒயரில் சுற்றியிருந்த டேப் அவரே சுற்றியது. மச்சினன் மாட்ட, இவர்தான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். கேலிப் பேச்சாகவே முடிந்த வேலை.

"திருட்டுக்குன்னுதானடா சொன்னே?"

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க மாமா."

ஒயரை வெட்டி நேராகக் கொடுத்தால் ஓடும், ஆனால் வெட்டியதும் ஆபீஸ் திரையில் தெரிந்துவிடும் என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். போனில் அவன் பக்கத்தில் யாரோ அதட்டுவது கேட்டது. திரும்பப் பேசியபோது அவன் குரல் வேறாக இருந்தது.

"ரூட்டுக்குள்ள வந்தாத்தான் பொட்டி தானா பம்ப ஓட விடுமாம். வண்டிய உடனே ஜங்ஷனுக்குக் கொண்டுவரச் சொல்றாரு மேனேஜரு. இல்லன்னா சாவியயும் அட்டையயும் ஆபீஸ்ல குடுத்துறணுமாம்." பிறகு, "நான் வேணும்னா அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தவன், முடிக்காமலே வைத்துவிட்டான்.

டிரைவர் கண்ணாடிக் கதவை ஒருமுறை பார்த்தார். முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து, சாவியை ஆனிலேயே விட்டு, கியரை நியூட்ரலில் தள்ளினார். முன்பக்கம் வந்து முதுகை ஆஸ்பத்திரிக்குக் காட்டி நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் வண்டியின் நெற்றியில் ஊன்றித் தள்ளினார். வண்டி பின்னோக்கி மேடேறியது. பக்கத்தில் போன கார்கள் ஹாரன் அடித்து விலகின.

பாதி தூரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிக்கென்று தனியாக வைத்திருந்த மணி. கையை எடுத்தால் வண்டி அவர் மேலேயே உருண்டு வந்துவிடும். மார்பையும் வண்டியோடு ஒட்டவைத்துத் தள்ளினார். தகரத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

பின்சக்கரங்கள் ஜங்ஷனைத் தொட்டன. சீட்டுக்கு அடியில் பம்ப் மெல்ல முனகத் தொடங்கியது.