சீதாவின் தட்டு

இன்னும் விடியவில்லை. தி.நகர் பலகாரக் கடையின் பின்கட்டில் அதற்குள் எண்ணெய் காய்ந்து, புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அச்சை இறுக்கி இறுக்கி முறுக்குப் பிழிந்தார்கள். தோள்பட்டை விட்டுப்போகிற வேலை. குல்ஷன் தன் தட்டை நிரப்பி, யாரும் பார்க்காத நேரத்தில் பக்கத்திலிருந்த சீதாவின் முன் தள்ளிவிட்டு, அவளுடைய காலித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

மூன்று தீபாவளிக்கு முன்னால் மாவு பிசைகிற மெஷின் சீதாவின் வலது கையை உள்ளே இழுத்தது. அதற்கு ஒரு மூடி போட முதலாளிக்கு மனசு வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஐந்தும் இருக்கின்றன, ஒன்றும் மடங்காது. பிழிய முடியாது என்று தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பயந்து, அன்றிலிருந்து தோழிகள் ஆளுக்கொரு தட்டாகப் பிழிந்து கொடுத்தார்கள். அந்த நல்ல மனசே அவளுக்கு வினையாகிவிட்டது.

நஷ்டஈட்டு வழக்கில், "முன்னே பிழிஞ்ச அளவு இப்பவும் பிழியறாளே!" என்று முதலாளி சாட்சி சொன்னார். சீதா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குல்ஷனுக்கு வேலை போய்விடும். நூற்றுக்குப் பத்துதான் ஊனம் என்று நேற்று தீர்ப்பு வந்தது.

"ஹைகோர்ட்ல அப்பீல் போடலாம்," என்றார் தொழிலாளர் சங்கத்து வக்கீல், அன்று மாலை சீதா நடந்ததைச் சொன்னதும். "திரும்ப விசாரிக்கணும்னு கேக்கலாம். ஆனா அந்த முறுக்கையெல்லாம் யார் பிழிஞ்சாங்கன்னு கூட வேலை செய்யறவங்க சொல்லணும்."

"வாணாம் சார். எனக்குப் போனது போவட்டும். அதுங்க வயித்துல ஏன் அடிக்கணும்?"

பல்லவன் பஸ்ஸுக்கு நின்றபோது, கூட வந்திருந்த குல்ஷன் உடைந்து அழுதாள். "நல்லது பண்றோம்னு நெனச்சுக்கினு உன் கேஸ நாங்களே கெடுத்துட்டோமேக்கா!"

சீதா மகளுக்குத் தலை பின்ன முடியாத கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குல்ஷன் தட்டைத் தள்ளவில்லை. மற்றவர்களும் தள்ளவில்லை. சீதா வரிசையை ஒரு முறை பார்த்தாள். இவர்களும் கைவிட்டுவிட்டார்களா?

முதலாளி வந்து நின்றார். "என்ன சீதா, தட்டு காலி? கேஸ் தோத்த துக்கமா?"

அவள் அச்சை எடுத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். வலது கை வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மாவு ஓர் இழைகூட இறங்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்குங்க," என்று குல்ஷன் எழுந்தாள். "இத்தினி நாளா அந்தத் தட்டுல இருந்தது எங்க முறுக்கு. கோர்ட்லயும் வந்து சொல்லுவோம்."

"எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தினீங்களா? மொத்தமா நிறுத்திடுவேன்!"

"நிறுத்துங்க." எண்ணெய்ச் சட்டியருகே நின்ற வெள்ளைச்சாமி அடுப்பை அணைத்தார். "சாயங்காலம் குடுக்க வேண்டிய கல்யாண ஆர்டர நீங்களே பிழிஞ்சுக்குங்க."

முதலாளி முகம் சிவந்து முன்கட்டுக்குப் போனார். நாளைக்கு யாருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது. அப்பீல் இன்னும் போடக்கூட இல்லை.

குல்ஷன் சீதாவின் வலது கையைப் பற்றினாள். திருப்பிப் பற்ற அந்த விரல்களால் முடியவில்லை. சீதா இடது கையை மேலே வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வக்கீலாண்ட எப்ப போலாம்?" என்று கேட்டாள்.