மான் அணியின் அழுக்கில்லாத சட்டைகள்

எனக்குக் கால்பந்து தெரியாது. கறை தெரியும். புல் கறை, சேற்றுக் கறை, ரத்தக் கறை, தைலக் கறை என்று எதைக் கொடுத்தாலும், எது எந்த மருந்துக்குப் போகும், எது தலைகீழாக நின்றாலும் போகாது என்று துணியைத் தொட்டதுமே சொல்லிவிடுவேன். பதினான்கு வருடமாக ஒரு சலவைக் கூடத்தில் கறை மேசையில் நிற்கிறேன். அந்தத் திமிர்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

உலகப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. ஒரே பிரிவில் இருந்த நான்கு நாட்டு அணிகளும் இங்கேயே தங்கிப் பயிற்சி எடுத்தன. அவர்களுடைய பயிற்சி உடுப்புகளைத் துவைக்கும் வேலை எங்கள் கூடத்துக்குக் கிடைத்தது. அந்த நாடுகளின் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. சட்டையின் மார்பில் என்ன படம் போட்டிருக்கிறதோ அதுதான் எங்களுக்குப் பெயர். கழுகு, நங்கூரம், நட்சத்திரம், மான். மூட்டைக்குள் என்ன பார்த்தாலும் வெளியே பேசக் கூடாது என்று முதலாளி முதல் நாளே எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

வீட்டுக்காரர் வெளி ஆள் ஆவாரா? இருபது வருடமாக ஒரே கூரைக்குக் கீழே குறட்டை விடுகிற மனுஷன்.

அவர் ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகையை மூடி பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து, யாரும் கேட்காத கணிப்புகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். காலை நிகழ்ச்சியில் பத்து நிமிடம் பேச வேண்டும். இந்தப் பிரிவில் எந்த இரண்டு அணி அடுத்த சுற்றுக்குப் போகும், ஏன் போகும் என்று சொல்ல வேண்டும். “நீங்க சொல்றதுல பாதி சரியா வந்தாலும் போதும் சார், இந்த வேலை உங்களுக்குத்தான்” என்று நிகழ்ச்சி அதிகாரி சொல்லியிருந்தார். அன்று மாலை என் வீட்டுக்காரர் தானாகவே சவரம் செய்துகொண்டார். பதினோரு மாதத்தில் அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். “ஜெயிச்சா மூணு புள்ளி. சமன் ஆனா ஒண்ணு. முதல் ரெண்டு அணி உள்ள போயிடும்.”

“அப்ப மூணாவது வர்றது வெளிய.”

“வெளியன்னு சொல்ல முடியாது.”

“அப்ப உள்ளயா?”

“உள்ளன்னும் சொல்ல முடியாது. மத்த பிரிவுல மூணாவது வந்தவனைப் பாக்கணும். அவனைவிட இவன் கோல் கணக்கு நல்லா இருக்கணும். அதுவும் சமமா இருந்தா, யார் கம்மியா மஞ்ச அட்டை வாங்கினாங்கன்னு பாப்பாங்க.”

எனக்குத் தலை சுற்றியது. நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடிப்பதே இதைவிடச் சுலபம்.

ஆனால் அவர் பேசுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. மான் அணி முதலிடம், கழுகு இரண்டாமிடம், நங்கூரம் எல்லாவற்றையும் சமன் செய்தே பிழைக்கும், நட்சத்திரத்தில் எல்லாம் சின்னப் பிள்ளைகள், அனுபவம் போதாது என்று அடுக்கினார். கழுகு அணியின் தடுப்பாட்டக்காரனுக்கு இடது முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதாம். எந்த மாதம், எத்தனை தையல் என்பது வரைக்கும் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். மான் அணியின் கோல்காப்பாளனுக்கு வலது கை சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாம். அதையும் சொன்னார்.

நான் ஒரு கையால் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக என் வலது தோள்பட்டை சரியில்லை. நாள் முழுக்கத் தூரிகையால் தேய்க்கிற கை, என்ன செய்யும் பாவம். தோளுக்கு மேலே தூக்கினால் உயிர் போகும். யாரிடமும் சொல்லவில்லை. வேலை போன வருத்தத்தில் இருக்கிறவரிடம் இதை வேறு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சலவைக் கூடத்தில் மூட்டைகளைப் பிரித்து அடையாளச் சீட்டுக் கட்டுகிறவர் மூட்டை அக்கா. ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார், பெயர் மட்டும் மூட்டை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒரு வார்த்தை பேச வைக்க ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். அதிகாலையிலேயே வந்துவிடுவார். நான் எட்டு மணிக்குப் போவேன். மான் அணி சாயங்காலத்தில் பயிற்சி எடுப்பதால் அவர்களுடைய மூட்டை மட்டும் விடியும் முன்பே வந்து கிடக்கும். மற்ற மூன்றும் மதியம்தான் வரும்.

முதல் நாள் மான் மூட்டையை அவிழ்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைகள் ஈரமாக இருந்தன, ஆனால் அழுக்கே இல்லை. முழங்கைப் பக்கம் இல்லை, காற்சட்டையில் இல்லை, காலுறையில்கூட லேசாக ஒரு நிழல், அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தேன். வியர்வை நாற்றமும் இல்லை. மதியம் நட்சத்திர மூட்டை வந்தது. அப்பப்பா, வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி முழங்காலெல்லாம் சேறும் புல்லும். கழுகும் சுமாராக உழைத்திருந்தது. நங்கூரம் நடுத்தரம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“என்னங்க, உங்க மான் பசங்க பயிற்சியே எடுக்கறதில்ல.”

“யார் சொன்னா?”

“சட்டை சொல்லுது. ஒருத்தன்கூடக் கீழ விழல. ஒருத்தனுக்குக்கூட வியர்க்கல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “வியர்க்காம சட்டை எப்படி ஈரமாகும்?”

“அதான் எனக்கும் புரியல.”

“மைதானத்துக்குத் தண்ணி அடிச்சிருப்பாங்களோ?”

“தண்ணி அடிச்ச மைதானத்துல ஓடினா சேறு ஒட்டாதா?”

பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சண்டையோ, எல்லோருக்கும் காய்ச்சலோ, பலத்தை மறைத்து வைக்கிறார்களோ என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். நோட்டில் மான் என்று எழுதியிருந்ததை அடித்தார். பிறகு அடித்ததற்கு மேலேயே திரும்ப எழுதினார். நாலாவது நாள் அந்தப் பக்கம் கிழிந்தே போய்விட்டது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டார். “நீ நிச்சயமாத்தான் சொல்றியா?”

“பதினாலு வருஷமா இதே வேலைங்க. கறை என்கிட்ட பொய் சொல்லாது.”

அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று கேட்காதீர்கள். அவருக்கு நான் உதவுகிறேன் என்ற நினைப்பு. அவரும் நம்பினார். பத்து வருட நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு என் மூக்கை நம்பினார்.

மறுநாள் காலை கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வானொலியைச் சுற்றி நின்றோம். அவர் குரல் கணீரென்று வந்தது. என் வீட்டுக்காரர்தானா என்று எனக்கே சந்தேகம். கழுகு முதலிடம், நட்சத்திரம் இரண்டாமிடம் என்றார். மான் அணி கடைசியாக வரும், அவர்கள் உழைக்கவில்லை, இது நோட்டைப் பார்த்துச் சொல்வதல்ல, கண்ணால் பார்த்தவர்களிடம் கேட்டுச் சொல்வது என்றார். முதலாளி காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பினேன். நல்லவேளை, அவர் கொதிகலன் பக்கம் போயிருந்தார். இஸ்திரி போடுகிறவர் கைதட்டினார். மூட்டை அக்கா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னக்கா என்றேன். “ஒண்ணுமில்ல” என்று மூட்டைப் பக்கம் போய்விட்டார்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. மான் அணி மூன்று ஆட்டத்திலும் ஜெயித்தது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்தக் கோணல் சுண்டுவிரல்காரன் பந்தைப் பறந்து பறந்து பிடித்தான். நங்கூரம் இரண்டாமிடம். கழுகு மூன்றாமிடத்தில் தொங்கிக்கொண்டு, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் இரண்டு நாள் ஊசலாடிவிட்டுக் கடைசியில் வெளியே போனது. நட்சத்திரப் பிள்ளைகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. “முழங்கால்ல சேறு இருந்தா உழைப்புன்னு நினைச்சோம். விழுந்துக்கிட்டே இருக்காங்கன்னும் அர்த்தம் ஆகும்ல” என்றார் என் வீட்டுக்காரர், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாதி சரியாக வந்தாலும் போதும் என்றவர்கள். அவர் முதலில் எழுதியதை அப்படியே படித்திருந்தால் பாதி சரி. நிகழ்ச்சி அதிகாரி தொலைபேசியில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையிலேயே வேலை இல்லை என்பது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. அவர் எழுவதற்கு முன்பே கிளம்பி ஏழு மணிக்கெல்லாம் கூடத்துக்குப் போய்விட்டேன். பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மூட்டை அக்கா குனிந்து நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். என் தூரிகை, என் மருந்து. பக்கத்தில் மான் மூட்டை வாய் திறந்து கிடந்தது. தொட்டித் தண்ணீர் சேற்று நிறத்தில் இருந்தது. அவர் கையில் இருந்த காற்சட்டையில் இடுப்பு வரைக்கும் புல் கறை.

“அக்கா, என்ன பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி காற்சட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“தினமும் இதைத்தான் பண்ணீங்களா? துவைச்சுப் பிழிஞ்சு திரும்ப மூட்டை கட்டி வச்சீங்களா?”

“லேசா ஒரு அலசு. நீ வர்றதுக்கு முன்னாடி வர்றது இந்த ஒரு மூட்டைதான்.”

“யாரு கேட்டா உங்கள? எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?” நான் கத்தியே விட்டேன்.

அக்கா காற்சட்டையைத் தொட்டியில் போட்டார். “தேய்க்கும்போது வலது கைய இடது கையால தாங்கிக்கிட்டு நிக்கிற. நான் எதிர்லதான நிக்கிறேன், எனக்குக் கண்ணு இல்லையா? சொன்னா நீ விடமாட்ட. அதான் சொல்லல.” பிறகு தானாகவே பேசினார். “அன்னிக்கு ரேடியோல உன் வீட்டுக்காரர் பேசினப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. அந்தப் பசங்க சட்டைல எவ்வளவு சேறுன்னு எனக்குத்தான தெரியும். சரி, படிச்ச மனுஷன் சொல்றாரு, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.”

எனக்கு அவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வானொலி வேலை போன கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று இடது கையால் மிச்சத் துணியைப் பிழிந்து கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் நோட்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். தொட்டி, சேற்றுத் தண்ணீர், மூட்டை அக்கா, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப மான் நல்லாத்தான் பயிற்சி எடுத்திருக்கு” என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது. பார்த்தீர்களா மனுஷனை. பிறகுதான் கயிற்றைப் பிடித்திருந்த கை நின்றது. “அந்த அக்கா எதுக்கு உன் வேலைய செய்யணும்?”

“என் தோள்பட்டை வலிக்குதுன்னு.”

“உனக்கா? எவ்வளவு நாளா?”

“எட்டு மாசமா.”

நோட்டுக் கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எந்தக் கை?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. எவனோ ஒருவனுடைய முழங்காலில் எத்தனை தையல் என்று தெரிந்தவர், ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் எந்தக் கை என்கிறார். “சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று எழுந்து சமையலறைக்குப் போனேன்.

பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மேல் தட்டில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்க வேண்டும். வழக்கம்போல நுனிக்காலில் எக்கி, இடது கையை நீட்டினேன். வலது கை வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை, எட்டு மாதப் பழக்கம். விரல் டப்பாவைத் தொட்டது, பிடிக்க முடியவில்லை.

“வலது” என்றார்.

நான் திரும்பவில்லை. அழுகையைக் காட்டக் கூடாது என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தலைக்கு மேலாகக் கை நீட்டி டப்பாவை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். உப்பை எடுத்துக் கீழே வைத்தார். பருப்பு, மிளகு, பெரிய எண்ணெய்ப் பாத்திரம் என்று மேலே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தார்.